சாரத்தில் நிற்கிறவனுக்கு எந்தச் சட்டம்?

கட்டடம் கட்டுவதற்கு இந்த நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. தெருவில் இருந்து எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும், பக்கத்து மனைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி எழுப்பலாம், வண்டி நிறுத்த எவ்வளவு இடம், மழைநீர்த் தொட்டி எங்கே என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் புரட்டினால் அடிக்கணக்கு, மீட்டர்க்கணக்கு எல்லாம் அதில் உண்டு. அதே கட்டடத்தில், இரண்டாம் மாடிச் சாரத்தில், ஒற்றைப் பலகையில் கால் வைத்து நிற்கிறானே ஒருவன், அவனுக்கும் சட்டம் இருக்கிறது. முதல் சட்டத்தை டேப் பிடித்து அளக்கிறார்கள். இரண்டாவது சட்டத்தை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்டாக வேண்டும். கேட்க வேண்டியவர்கள் நாம்தான், ஏனென்றால் சாரத்தில் நிற்கிறவன் நம்முடைய ஆள்.

நான் இதை ஆய்க்குடியில் இருந்து எழுதுகிறேன். ஆய்க்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முருகன் கோயிலும் அனுமன் நதியும் ஞாபகம் வரும். இன்னொன்றும் உண்டு. 1981-இல் ராமகிருஷ்ணன் என்பவர் இங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர் அவர். இன்றைக்கு முதுகுத்தண்டு முறிந்தவர்கள் மறுவாழ்வு தேடி வருகிற ஊராக ஆய்க்குடி ஆகியிருக்கிறது. சக்கர நாற்காலி இந்த ஊர்த் தெருவில் அதிசயம் இல்லை. அதனால் 'விழுந்துட்டான்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்று எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். முதுகுத்தண்டு முறிந்தால் கால் மட்டும் போவதில்லை. மூத்திரம் போவதும் மலம் கழிப்பதும் கைவிட்டுப் போகும். உணர்ச்சி இல்லாத உடம்பில் படுக்கைப்புண் வரும், புண் சீழ் பிடிக்கும். பக்கத்தில் இருந்து திருப்பிப்போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் அவன் மனைவியாகவோ தாயாகவோ இருப்பாள். அவளும் வேலைக்குப் போக முடியாது. ஒருவன் விழுந்தால் இரண்டு கூலி நின்றுபோகும்.

சாரத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். ஒரு கட்டட வேலையை மேலிருந்து கீழே பாருங்கள். உரிமையாளர், எஞ்சினியர், காண்ட்ராக்டர், மேஸ்திரி, கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் ஆள், கையாள், கடைசியில் சித்தாள். இந்தப் படிக்கட்டில் இறங்க இறங்கக் கூலி குறையும், ஆபத்து கூடும், சாதியும் இறங்கும். வானம் தோண்டுகிறவனும், தலையில் சட்டி சுமக்கிறவளும், முட்டு பிரிக்கிறவனும் எந்தத் தெருவில் இருந்து வருகிறார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முப்பது வருசம் சித்தாளாக இருந்தவள் கொத்தனார் ஆனதை நான் பார்த்ததில்லை. கரண்டி பிடிக்க அவள் கைக்குத் தெரியாதா? தெரியும். கொடுக்க மாட்டார்கள். வீடு கட்டி முடிகிற வரைக்கும் அடுப்படியில் நின்று தரை பூசினவள், பால் காய்ச்சின மறுநாளில் இருந்து வாசப்படியோடு நிற்க வேண்டும். கட்டும்போது இல்லாத தீட்டு கட்டி முடித்த பிறகு எங்கிருந்து வந்தது?

இந்த மக்களுக்காகச் சட்டம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். மத்திய அரசின் பொதுப்பணியும் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தது. அதாவது கட்டுகிற துறையும் கட்டுகிறவனைப் பாதுகாக்கிற துறையும் ஒரே மேசையில் இருந்தன. பிறகு வந்த ஆட்சிகளில் இரண்டும் பிரிந்து, ஒன்று பெருத்தது, மற்றொன்று மெலிந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, நியாயமான, மனிதத்தன்மையுள்ள வேலை நிலைமைகளை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவை நாம் மேடையில் பேசுகிறோம். 42-ஐப் பேசுவது குறைவு. இரண்டும் ஒரே ஆளுக்காக எழுதப்பட்டவை.

தமிழ்நாட்டில் 1982-இல் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. இது யாரும் தூக்கிக் கொடுத்த தானம் அல்ல, கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் தெருவில் நின்று வாங்கியது. மத்தியில் 1996-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று வேலை நிலைமைக்கு, மற்றொன்று வரிக்கு. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் பதிவு செய்யப்பட வேண்டும், வேலை தொடங்க 30 நாளைக்கு முன்னால் ஆய்வாளருக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும், குடிதண்ணீரும் கழிப்பறையும் முதலுதவிப் பெட்டியும் வேண்டும், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1998-இல் வந்த மத்திய விதிகள் சாரம் எப்படிக் கட்ட வேண்டும், உயரத்தில் நிற்கிறவனுக்குப் பாதுகாப்பு வார் எப்படி இருக்க வேண்டும், விளிம்பில் தடுப்பு எப்படி அமைய வேண்டும் என்று வரி வரியாகச் சொன்னது. எங்கள் பக்கத்தில் எந்தக் கட்டடத்திலாவது வார் கட்டி ஆள் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தலைக்கவசம்கூடப் பார்வையிட வருகிற எஞ்சினியர் தலையில்தான் இருக்கும். சட்டி சுமக்கிறவள் தலையில் சும்மாடுதான்.

வரிச் சட்டத்தைப் பார்ப்போம். கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நலநிதிக்குப் போக வேண்டும். வரைபட அனுமதி வாங்கும்போதே உள்ளாட்சி இதை வசூலித்து வாரியத்துக்கு அனுப்புகிறது. இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்கிறார்கள், ஏனென்றால் இது பணம் வருகிற வழி. வந்த பணம் என்ன ஆனது? 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்க வசூலானது சுமார் 37,400 கோடி ரூபாய், செலவானது சுமார் 9,500 கோடி. மிச்சம் அப்படியே கிடந்தது. செலவு செய்ததிலும் மடிக்கணினி, சலவை எந்திரம் என்று வாங்கிய கதை நீதிமன்றத்தில் வெளிவந்து நீதிபதிகளே அதிர்ந்தார்கள். கல் சுமக்கிறவளுக்குச் சலவை எந்திரம். இதை எழுதி வைத்தவனுக்கு அவள் வீட்டில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்ற எண்ணமே வரவில்லை.

'அனுமதி வாங்காமல் கட்டினால்தான் விபத்து, எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கினால் சரியாகிவிடும்' என்று நம்முடைய படித்த தோழர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னைக்குப் பக்கத்தில் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்தார்கள். அந்தக் கட்டடம் திருட்டுத்தனமாக எழுந்ததல்ல. பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி அதற்கு இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் போட்டார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சிகள் அதை வாணவேடிக்கை மாதிரிக் காட்டின. ஆனால் அந்த இடிபாட்டுக்குள் போனவர்கள் யார்? வடக்கு ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கத்தில் இருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், ஒடிசாவில் இருந்து வந்தவர்கள், நம்முடைய தமிழ்நாட்டுக் கூலிகள். வேலை செய்கிற கட்டடத்தின் அடியிலேயே பலர் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

இன்றைக்குத் தென்காசிப் பேருந்து நிலையத்தில் நின்றால் 'வடக்கத்தியான் வந்து நம்ம வேலையைக் கெடுத்துட்டான்' என்ற பேச்சு காதில் விழும். நம்முடைய பையன்களும் அதைச் சொல்லுதான். அதே பையனின் அப்பா புளியரை தாண்டிக் கொல்லம் பக்கம் போய்ச் சட்டி சுமந்தவர். அங்கே அவரைப் 'பாண்டி' என்று கூப்பிட்டார்கள். ஒடிசாவில் இருந்து வருகிறவன் யார், எந்தச் சேரியில் இருந்து, எந்தப் பழங்குடிக் கிராமத்தில் இருந்து வருகிறான் என்று ஒருநாளாவது கேட்டோமா? கூலியைக் குறைத்தது அவன் அல்ல. கூலியையும் பாதுகாப்பையும் குறைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்து அவனைக் கொண்டுவந்தவன் குறைத்தான். அந்தக் கோபத்தைச் சரியான ஆள் மேல் திருப்புவது நம்முடைய அரசியல் வேலை.

கட்டடம் ஆற்றுமணலிலும் கல்குவாரியிலும் தொடங்குகிறது. 2022 மே 14 இரவு திருநெல்வேலிக்குப் பக்கத்தில் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் செத்தார்கள். நாம் கால் வைத்து நடக்கிற கான்கிரீட்டின் ஜல்லியில் இருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி நடூர். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல் ஒரு சுற்றுச்சுவர் விழுந்தது. சுமார் இருபது அடி உயரம், கருங்கல் சுவர். ஓட்டு வீடுகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். எல்லோரும் அருந்ததியர். பெண்கள் அதிகம், குழந்தைகளும் உண்டு. சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று அந்த மக்கள் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். சுவரின் ஒரு பக்கம் செல்வந்தர் வீடு, மறு பக்கம் சேரி. அதைத் தீண்டாமைச் சுவர் என்று இயக்கங்கள் சொன்னபோது, 'எல்லாத்துலயும் சாதியைப் பாக்காதீங்க, அது மழையினால நடந்த விபத்து' என்று நமக்குப் புத்தி சொன்னார்கள். நியாயம் கேட்டு மருத்துவமனை முன்னால் நின்றவர்கள் மேல் தடி பாய்ந்தது. தமிழ்ப்புலிகள் தலைவர் நாகை திருவள்ளுவனும் மற்ற தோழர்களும் சிறைக்குப் போனார்கள்.

சுவர் கட்டினவரின் மனதில் என்ன இருந்தது என்ற விவாதத்தை ஒரு நிமிசம் தள்ளி வையுங்கள். எஞ்சினியரிங் படிக்கிற மாணவத் தோழர்களைக் கேட்கிறேன். இருபது அடி உயரத்துக்குக் கருங்கல்லை அடுக்கினால், பின்னால் நனைந்த மண் தள்ளினால், ஊடே தூண் இல்லாவிட்டால், தண்ணீர் வடிய வழி இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரண்டாம் வருசப் பாடத்தில் இருக்கிறது. அதைவிடப் பழைய பாடமும் உண்டு. ஆபத்தான கட்டுமானத்தைச் சரிசெய்யச் சொல்லவும், செய்யாவிட்டால் தானே இறக்கவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் 1920-ஆம் வருச மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே கொடுக்கப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அந்த அதிகாரம் ஏன் தூங்கியது? விழுந்தால் யார் மேல் விழும் என்று பார்த்துத்தான் தூங்கியது. சுவர் சாய்ந்திருந்த திசையைத் திருப்பிப் போட்டிருந்தால், மேலே இருந்தது சேரியாகவும் கீழே இருந்தது அந்த மாளிகையாகவும் இருந்திருந்தால், ஒரு மனுவிலேயே பொக்லைன் வந்திருக்கும். சாதி சுவர் கட்டினவர் மனதில் மட்டும் இருப்பதாக நினைக்கக் கூடாது. எந்த மனுவை மேலே எடுப்பது, எதை அடியில் செருகுவது என்ற அலுவலகப் பழக்கத்திலும் அது இருக்கிறது.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவர் 2008 மே மாதம்வரை நின்றது. அதன் ஒரு பகுதியை இடிக்க ஒரு பெரும் போராட்டமே தேவைப்பட்டது. அந்தப் பத்தொன்பது வருசமும் 'இந்தச் சுவருக்கு அனுமதி உண்டா?' என்று எந்த அதிகாரி கேட்டார்? அதே அதிகாரம் நம்முடைய தெருவுக்கு வரும்போது எப்படி வருகிறது பாருங்கள். பட்டா இல்லை, அதனால் வரைபட அனுமதி இல்லை. அனுமதி இல்லை, அதனால் வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லாததால் கம்பியைக் குறைத்து, சிமெண்டைக் குறைத்து, வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறோம். பிறகு 'விதிமீறல்' என்று நோட்டீசு ஒட்டுகிறார்கள். ஊர்ப் பக்கம் சட்டம் மௌனம், சேரிப் பக்கம் சட்டம் சத்தம்.

இதில் இன்னொரு சங்கதியும் கவனிக்க வேண்டும். சாவு ஏற்பட்ட பிறகு எந்தப் பிரிவில் வழக்குப் போடுகிறார்கள்? கட்டடச் சாவுகளில் வழக்கமாக விழுந்தது பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ, கவனக்குறைவால் மரணம், அதிகபட்சம் இரண்டு வருசம். 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 106-ஆவது பிரிவு, அதிகபட்சம் ஐந்து வருசம். வருசம் கூடியிருக்கிறது, கருத்து மாறவில்லை. வார் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தும் கொடுக்காதவன், சுவர் சாய்கிறது என்று மனு வந்தும் அசையாதவன், இவர்களுடையது கவனக்குறைவா? கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த உயிர் மலிவு என்று முடிவு செய்தது அது. கவனம் நிறையவே இருந்திருக்கிறது.

இப்போது சட்டங்களே மாறிவிட்டன. 1996-ஆம் வருசச் சட்டங்கள் உள்பட 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முன்பு பத்து லட்சம் வரையிலான சொந்த வீட்டு வேலைக்கு விலக்கு இருந்தது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அது ஐம்பது லட்சம். தென்காசி, சுரண்டை, கடையநல்லூர்ப் பக்கம் நடக்கிற வீட்டு வேலையில் எத்தனை ஐம்பது லட்சத்தைத் தாண்டும்? பத்து பேருக்குக் குறைந்தால் சட்டம் இல்லை என்பது அப்படியே இருக்கிறது. ஆகவே, ஒன்பது பேரை வைத்து மூன்று மேஸ்திரி என்று கணக்கு எழுதிவிடலாம். ஆய்வாளர் என்ற பெயரும் மாறி 'ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பவர்' ஆகியிருக்கிறது. யாருக்கு வசதி? இன்னொரு பக்கம் 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்தால் உடனே அனுமதி. அலைச்சலும் லஞ்சமும் குறைந்தால் நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் வீட்டுக்காரன் சொல்லை நம்புகிற அரசு, விழுந்த கூலிக்காரன் சொல்லை மட்டும் ஏன் மூன்று சாட்சி வைத்துக் கேட்கிறது?

தோழர்களே, கோபம் மட்டும் போதாது. செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன், தெருத்தெருவாக எடுத்துச் செல்லுங்கள்.

ஒருவன் உயரத்தில் இருந்து விழுந்தால் கையைக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஆட்டோவில் மடக்கிப் போடக் கூடாது. கழுத்தும் முதுகும் வளையாமல், நாலு பேர் சேர்ந்து ஒரே பலகையில் ஏற்ற வேண்டும். சென்ட்ரிங் பலகை அங்கேயே கிடக்கும். 108-க்குச் சொல்லுங்கள். விழுந்தபோது தப்பித்த தண்டுவடம் தூக்கும்போது போய்விடலாம்.

மருத்துவமனை வாசலில்தான் முதல் மோசடி நடக்கிறது. 'வீட்டுல வழுக்கி விழுந்தான்னு சொல்லு, செலவை நான் பாத்துக்கிடுதேன்' என்பான் காண்ட்ராக்டர். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் எழுதினார்கள். இரண்டு வாரம் செலவைப் பார்த்தவன் பிறகு போனையே எடுக்கவில்லை. பதிவேட்டில் 'வேலைத்தளத்தில் சாரத்தில் இருந்து விழுந்தார்' என்று எழுத வைக்க வேண்டும். அந்த ஒரு வரிதான் பின்னால் வழக்கின் அஸ்திவாரம். அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார், அன்றைக்கே சாரத்தைப் படம் எடுப்பது, மேஸ்திரியின் கூலி நோட்டு, போனில் வந்த கூலிக் கணக்கு, எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும்.

இழப்பீடு தர்மம் அல்ல. 1923-இல் இருந்தே சட்டம் அதை உரிமையாக வைத்திருக்கிறது. 'இவ்வளவு வாங்கிக்கிட்டேன், இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தாலும் உரிமை போகாது, அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆகவே வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதே, கட்டப்பஞ்சாயத்தில் உட்காராதே என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும். காண்ட்ராக்டர் ஓடிவிட்டாலும் அவனுக்கு வேலை கொடுத்த முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பில் இருந்து தப்ப முடியாது.

நலவாரிய அட்டை எடுக்க வேண்டும். 18 முதல் 60 வயது வரை, வருசத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தவர்கள் எல்லோரும் பதிவு செய்யலாம். சித்தாள்களைப் பதிவு செய்யுங்கள். 'வீட்டுக்காரர் அட்டை இருக்குல்லா' என்று அவர்களே ஒதுங்குவார்கள், விடாதீர்கள். வெளிமாநிலத் தோழர்களையும் கூட்டிப் போங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் இருந்து இருக்கிறது. ஆய்க்குடி, சாம்பவர்வடகரை, இலஞ்சி, குற்றாலம் பேரூராட்சிகளுக்கும், தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் நகராட்சிகளுக்கும் ஆளுக்கு ஒரு மனு போடுங்கள். கடந்த மூன்று வருசத்தில் எத்தனை கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தீர்கள், தொழிலாளர் நலநிதிக்கு எவ்வளவு வசூலித்தீர்கள், எந்தத் தேதியில் வாரியத்துக்குக் கட்டினீர்கள், குடியிருப்புக்குப் பக்கத்தில் ஆபத்தான சுவர் என்று வந்த மனுக்கள் எத்தனை, எடுத்த நடவடிக்கை என்ன? தொழிலாளர் துறையிடம், எத்தனை வேலைத்தளத்தை நேரில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கட்டுரையே எழுத வேண்டாம், அந்தக் காகிதமே பேசும். வருகிற பதில்களை இந்த இதழில் அப்படியே அச்சிடுகிறோம்.

அரசிடம் நம்முடைய கோரிக்கை எளிமையானது. வரைபட அனுமதி எண் எழுதிய பலகை தொங்குகிற ஒவ்வொரு வேலைத்தளத்திலும், காண்ட்ராக்டர் பெயரும் முதன்மை வேலையளிப்பவர் பெயரும் புகார் எண்ணும் அதே பலகையில் தமிழிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். உயரத்தில் வாரும் விளிம்பில் தடுப்பும் இல்லாவிட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ளாட்சிப் பொறியாளருக்கு வேண்டும். சேரியை ஒட்டி எழும் எந்தச் சுவருக்கும் பொறியாளர் சான்று கட்டாயமாக வேண்டும். சுவர் பற்றிச் சேரியில் இருந்து மனு வந்தும் அசையாத அதிகாரி மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு பாய வேண்டும். அந்தப் பிரிவு கடமை தவறும் அரசு ஊழியருக்காகவே எழுதப்பட்டது.

கட்டுகிறவனுக்குத் தூக்குக்குண்டும் ரசமட்டமும் தெரியும். சுவர் நேராக நிற்கிறதா, கோணலா என்று நூல் பிடித்துச் சொல்வான். சட்டத்துக்கும் அப்படி நூல் பிடித்துப் பார்க்கிற வேலை இனி நம்முடையது. முதல் மனுவை ஆய்க்குடியில் இருந்து நான் போடுகிறேன். உங்கள் ஊரில் இருந்து அடுத்ததைப் போடுங்கள்.